பாதி மேளம், பாதி வாய்

அரசப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. அதற்காக அவரை வாயாடி என்று நினைத்துவிடக் கூடாது. சொந்தமாகப் பேச அவரிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. நெல்லைப் பற்றி நாலு வார்த்தை, பம்புசெட்டைப் பற்றி நாலு வசவு, அவ்வளவுதான். அடுத்தவர் பேசும்போதுதான் அவருக்கு உள்ளே என்னவோ கிளம்பிவிடும். "அடடே", "அப்டிப் போடு", "அட்றா சக்க" என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்று விழும். ஊரில் கூத்து நடந்தால் கட்டியக்காரன் குரலைத் தாண்டி அரசப்பன் குரல் கேட்கும். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குக்கூட விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் மனைவி சுமலதா கல்யாணமான புதிதில் இதை ரசித்தாள். பிறகு பொறுத்துக்கொண்டாள். பிறகு தொடையில் கிள்ள ஆரம்பித்தாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவருக்குப் பக்கத்து நாற்காலியை விட்டுக்கொடுக்க மாட்டாள். பார்க்கிறவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மகள் பூமிகாவைப் பெண் பார்க்கப் பொன்னேரியிலிருந்து வந்தபோது கிள்ளுக்கும் நேரமில்லாமல் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன், எளாவூர் செக்போஸ்ட் பக்கம் தன் பைக்கை லாரி இடித்த கதையை ஆரம்பித்தார். மனிதர் நன்றாகவே சொன்னார். "வண்டி அந்தாண்ட போச்சு, நான் இந்தாண்ட போனேன், கால் எலும்பு படார்னு..." என்று அவர் நிறுத்திய இடத்தில் அரசப்பன் முழங்காலைத் தட்டி, "அட்றா சக்க!" என்று கத்தினார். கதை சொன்ன அழகுக்குத்தான் அந்தச் சத்தம். கால் முறிந்தவர் காதில் அது அப்படியா விழும்? கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

அடுத்ததாக ஆரணியிலிருந்து பரத்தின் ஜாதகம் வந்தபோது சுமலதா கற்பூரத்தை ஏற்றி வைத்துக்கொண்டு புருஷனிடம் சத்தியம் வாங்கினாள்.

"பூமிகா கழுத்துல தாலி ஏர்ற வரிக்கும் சம்பந்தி எதுர்ல நீங்க வாயத் தொறக்கக் கூடாது. சாப்புடறதுக்கு மட்டும் தொறக்கலாம்."

அரசப்பன் கற்பூரத்தின் மேல் கை வைத்தார். சொன்னபடி நடந்தும் காட்டினார். பரத்தின் அப்பா ஆதிநாராயணன் ஆரணியில் நெல் வியாபாரம் செய்கிறவர், அதிகம் பேசாத மனிதர். பேசாத இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்ததில் எந்தச் சேதமும் ஏற்படவில்லை. பையனுக்குத் தேர்வாய் கண்டிகையில் கார் உதிரிபாகம் செய்கிற கொரியா கம்பெனியில் வேலை. பூமிகாவுக்கு அவனை முதல் பார்வையிலேயே பிடித்துப்போய், போனும் கையுமாகத் திரிய ஆரம்பித்தாள். புரட்டாசி பிறந்துவிட்டதால் நிச்சயதார்த்தத்தை ஐப்பசிக்குத் தள்ளி வைத்தார்கள். நிச்சயம் முடிந்தால் பாதி பயம் போய்விடும், அதுவரைக்கும் ஒரு மாதம்தானே என்று சுமலதா நிம்மதியாக இருந்தாள்.

அப்போதுதான் மாடியில் பாட்டு ஆரம்பித்தது.

மாடி போர்ஷனில் குடியிருந்தவர் மிக்யோங் மேடம். பரத் வேலை செய்கிற அதே கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர், ஐம்பதை நெருங்கும் கொரியாக்காரப் பெண்மணி. சென்னையிலிருந்து தினமும் கல்கத்தா ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வந்து போய் முதுகு விட்டுப்போய், கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டும் என்று கேட்டு வந்தவர். மீன் வறுத்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார், வாசலில் செருப்பை வரிசையாக வைப்பார், மற்றபடி இருக்கிற இடம் தெரியாது. அவருக்குப் பாட வரும் என்பதே சுமலதாவுக்கு அந்தப் புரட்டாசியில்தான் தெரிந்தது.

அது அவர்கள் ஊர்ப் பழைய பாட்டு. பன்சோரி என்று பெயர். ஒரு ஆள் விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, ஒரு முழுக் கதையைப் பாடியும் பேசியும் சொல்வார். இன்னொரு ஆள் உட்கார்ந்து மேளம் அடிப்பார். கோஷ்டி அவ்வளவுதான். மேளம் வாசிக்கத் தெரிந்த சக அதிகாரி வேறு ஊர்த் தொழிற்சாலைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். கொரியாக்காரர்களின் அறுவடைத் திருநாளைக் கம்பெனியில் குடும்ப விழாவாகக் கொண்டாடுவது வழக்கம். பல வருஷத்துக்குப் பிறகு மேடம் அதில் பாடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். மேளத்துக்கு ஆள் இல்லை. தானே அடித்துக்கொண்டு தானே பாடிப் பார்த்தார். பாட்டு நொண்டியது.

ஒருநாள் சாயங்காலம் அரசப்பன் நடவு வயலிலிருந்து வந்து, மாடிப்படிக்குக் கீழே குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மேலே குரல் கரகரவென்று ஏறி, ஏறி, ஓர் இடத்தில் போய் நின்றது. அரசப்பனுக்குக் கொரியா பாஷை ஒரு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் சோப்புக் கையை ஆகாசத்தில் உயர்த்தி, "அப்டிப் போடு!" என்று ஒரு கத்து கத்தினார்.

பாட்டு நின்றுவிட்டது. சுமலதா சமையலறையில் கரண்டியைக் கீழே போட்டாள். மேடம் தடதடவென்று படியிறங்கி வருகிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் புருஷனுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"ஸாரி மேடம். ஹஸ்பண்ட் லிட்டில் லூசு."

மேடத்தின் முகத்தில் கோபம் இல்லை. மூச்சு வாங்க, அரசப்பனைப் பார்த்து, "அகெய்ன். ப்ளீஸ்," என்றார்.

பூமிகா ராத்திரியும் பகலும் போனில் கொரியா சீரியல் பார்த்து அந்த பாஷையைப் பாதி கற்று வைத்திருந்தாள். அவள்தான் நடுவில் நின்று விளக்கினாள். "நைனா, நீ கத்துனது கரெக்டான எடமாம். அவங்க ஊர்ல மோளம் அடிக்கறவர் அப்டித்தான் நடுவுல கத்தணுமாம். பாட்டு கேக்க வந்தவங்களும் கத்துவாங்களாம். யாரும் கத்தலன்னா பாடறவங்களுக்குப் பாட்டே வராதாம்."

அரசப்பன் மனைவியைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கட்சிக்கு ஒரு வக்கீல் கிடைத்த முகம்.

மறுநாளே அவர் மாடியேறினார். அந்த மேளத்துக்கு 'புக்' என்று பெயர். பீப்பாய் மாதிரி மர உடம்பு, இரண்டு பக்கமும் தோல். தரையில் வைத்து அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது பக்கத்தை வெறும் உள்ளங்கையாலும் வலது பக்கத்தைக் குட்டையான ஒரு கட்டையாலும் அடிக்க வேண்டும். சில அடி தோலிலேயே படாது, மர உடம்பின் உச்சியில் ஓங்கி விழும். மேடம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பன்னிரண்டு அடி கொண்ட ஒரு தாளம். அதில் ஒன்பதாவது அடிதான் மரத்தில் விழுகிற பெரிய அடி. பாட்டு அதுவரைக்கும் சேர்த்து வைத்த பாரத்தையெல்லாம் அங்கேதான் இறக்கி வைக்கும்.

அரசப்பன் கை முதலில் ஏழாவதிலேயே அவசரப்பட்டு ஓங்கியது. பிறகு பத்துக்குப் போய் அசடு வழிந்தது. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டதையும் பூமிகா சிரித்ததையும் சுமலதா கீழிருந்தே கேட்டாள். கை தடுமாறினாலும் வாய் தடுமாறவில்லை. அது எப்போதும் சரியான இடத்தில் விழுந்தது. நாளாக ஆக, கை வாயைப் பார்த்து வழிக்கு வந்தது. சுமலதாவே தோசை ஊற்றும்போது ஒன்பதாவது அடிக்காகக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். புருஷன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை. அதுவே அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, விழாவுக்கு யார் யார் வருகிறார்கள் என்று தெரிகிற வரைக்கும்.

விழாவுக்குத் தன் அப்பாவையும் கூட்டிவரப்போவதாக பரத் போனில் சொன்னான். பூமிகா குதித்தாள். சுமலதா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். நிலம் வைத்திருக்கிறவர்கள் மேளத்தைக் கேட்பார்கள், தொட்டு அடிக்க மாட்டார்கள் என்பது அந்தப் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வீம்பு. கொரியா மேளம், கம்பெனி விஷயம் என்று சொல்லி அதைக்கூடச் சமாளித்துவிடலாம். மேடையில் உட்கார்ந்து "அட்றா சக்க" என்று கத்துகிற சம்பந்தியை எதைச் சொல்லிச் சமாளிப்பது?

"சத்தியம் ஞாபகம் கீதா?" என்று கேட்டாள்.

அரசப்பன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். தட்டைப் பார்த்தபடியே, "கீது," என்றார்.

"அடிங்க, வேணான்னு சொல்லல. கை மட்டும்தான். வாய் கூடாது."

இதை மேடத்திடம் சொல்ல பூமிகாவை மேலே அனுப்பினாள். மேடம் விசிறியை மடக்கி வைத்துவிட்டு, இதில் கை பாதி, வாய் பாதி, ஆனால் பெண்ணின் கல்யாணம் பெரிது, நான் எப்படியாவது பாடிவிடுகிறேன் என்று சொன்னாராம். மகள் வந்து அதைச் சொன்னபோது சுமலதாவுக்கு முள் தைத்தது போல் இருந்தது. மகளின் வாழ்க்கையா, ஒரு பாட்டா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அதைத் துடைத்துப் போட்டாள்.

விழா கம்பெனி கேன்டீன் ஹாலில் நடந்தது. நாற்காலிகளெல்லாம் நிரம்பியிருந்தன. பரத் அப்பாவை முன்வரிசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, மைக் வேலை பார்க்கப் போய்விட்டான். அவன் அம்மா திலகவதி திருப்பதிக்குப் போயிருந்ததால் ஆதிநாராயணன் மட்டும்தான் வந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சுமலதாவும் பூமிகாவும் வணக்கம் சொன்னதற்குத் தலையை அசைத்தார். சுமலதா ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தாள்.

பாட்டுக்கு முன்னால் எச்ஆர் வைகுந்த் மேடையேறினான். திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. கச்சேரி கேட்டு வளர்ந்தவன். போன வருஷ விழாவில் கம்பெனிப் பையன்கள் அடித்த விசிலை அவன் இன்னும் மறக்கவில்லை. "அடுத்து வர்றது கொரியாவோட ரொம்பப் பழமையான சாஸ்திரிய சங்கீதம். நாம மரியாதையா கேக்கணும். நடுவுல சத்தமோ, விசிலோ, கைதட்டலோ கூடாது. கடைசியில மட்டும் கைதட்டுங்க," என்று மைக்கில் கேட்டுக்கொண்டான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். பாட்டின் கழுத்தை நெரிக்க அதைவிடப் பொருத்தமான ஒரு வேண்டுகோள் கிடையாது.

மேடம் வெளிர்பச்சை நிறத்தில் குடை மாதிரி விரிந்த பாவாடையும் குட்டைச் சட்டையுமாக வந்து நின்றார். அரசப்பன் வெள்ளை வேட்டி சட்டையில் பாய் மேல் மேளத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். பையன்கள் சிரிக்கப் பார்த்து, வைகுந்தின் முறைப்பில் அடங்கினார்கள். ஆற்றைக் கடந்து சந்தைக்குப் போகிற ஒருத்தியின் கதை அது என்று பூமிகா முன்பே சொல்லியிருந்தாள்.

குரல் எழுந்தது. மேளம் சரியாக விழுந்தது. சுமலதா மடிக்குள் விரலை மடக்கி எண்ணினாள். ஒன்பதாவது அடி டக்கென்று மரத்தில் விழுந்தபோது அவளுக்கு மூச்சு வந்தது. பரவாயில்லை, கௌரவமாகத்தான் இருக்கிறது. ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆதிநாராயணன் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஹால் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. இருமக்கூட பயந்து, பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி. முன்வரிசையில் இருந்த கொரியா அதிகாரிகளும் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு மரியாதையாக இருந்தார்கள். மேலதிகாரி வாயைத் திறக்காத இடத்தில் அவர்கள் எங்கே திறப்பார்கள்? மேடம் ஒரு வரி பாடி, விசிறியை நீட்டி நிறுத்தினார். பதில் இல்லை. அடுத்த வரி பாடி நிறுத்தினார். ஒன்றும் இல்லை. ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறவர் போல அவர் குரல் சுருங்கியது. திரும்பி அரசப்பனைப் பார்த்தார்.

அரசப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்து, நெற்றியில் வியர்வை வழிந்தது. வாய் அடைபட்டதும் கையும் தாளம் கெட்டது. ஒன்பதாவது அடி மெலிந்தது. அடுத்த சுற்றில் அது மரத்தில் விழவே இல்லை. மேடத்தின் குரல் அந்தரத்தில் தடுமாறி, இருமலாகி, திரும்பவும் ஆரம்பித்தது.

சுமலதாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இந்த மனுஷன் அத்தனை காலமும் கத்தியது வாய்க்கொழுப்பால் இல்லை. அடுத்தவர் சொல்வதை அவ்வளவு உள்ளே வாங்கிக்கொண்டார், அதுதான் வெளியே வந்தது. அது அவளுக்கு அந்த நிமிஷம் புரிந்தது. காது கேட்கிறவனைப் பிடித்து உட்கார வைத்துக் காதை அடைத்துவிட்டேனே என்று நெஞ்சு எரிந்தது. மேடம் மறுபடி ஓர் இடத்தில் போய் நின்று, விசிறியை நீட்டிக் காத்திருந்தார். அவ்வளவுதான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் மறந்து சுமலதா எழுந்தே நின்றுவிட்டாள்.

"யோவ்! வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற? அவங்க உசுரக் குடுத்துப் பாடிக்கினு கீறாங்க, நீ பாட்டுக்கு குந்திக்கினு கீறியே! சொல்லுய்யா!"

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. வைகுந்த் கண்ணை மூடிக்கொண்டான். பூமிகா, "அம்மா!" என்று புடவையைப் பிடித்து இழுத்தாள். ஊரறியப் புருஷனை "யோவ்" என்று கூப்பிட்டுவிட்டோம், அதுவும் சம்பந்தி எதிரில் என்பது சுமலதாவுக்கு உட்காரும்போதுதான் உறைத்தது.

மேடையில் அரசப்பன் கட்டையை ஓங்கினார். மரத்தில் அது விழுந்த சத்தமும், "அட்றா சக்க!" என்று அவர் போட்ட சத்தமும் ஒன்றாகக் கிளம்பின. மேடத்தின் முகம் மலர்ந்தது. குரல் நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அரசப்பனைப் பிடிக்க முடியவில்லை. "அடடே" என்றார், "அப்டி" என்றார், "போ, போ, போ" என்று ஆற்றைக் கடக்கிறவளை அக்கரைக்கே விரட்டினார். பையன்கள் பார்த்தார்கள், பொறுத்தார்கள், பிறகு அவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். கொரியா அதிகாரிகளில் மூத்தவர் ஒருவர் தொடையைத் தட்டி, "ஒல்சிகு!" என்று அவர்கள் பாஷையில் கத்தினார். மேடம் பாடப் பாட வளர்ந்தார். மாடியில் ஒருநாளும் அவர் அப்படிப் பாடிச் சுமலதா கேட்டதில்லை.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கல்யாணம் போயிற்றா இருக்கிறதா என்று பக்கத்தில் திரும்பிப் பார்க்கும் தைரியம் மட்டும் வரவில்லை.

பாட்டு முடிந்து ஹால் கைதட்டிக்கொண்டிருந்தபோது ஆதிநாராயணன்தான் அவள் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, அவுரு எப்பவுமே இப்டித்தானா? இல்ல, இதுக்குன்னு கத்துக்கினாரா?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "எப்பவுமே இப்டித்தாங்க," என்றாள்.

"அன்னிக்கி எங்க எதுர்ல உம்முன்னு குந்திக்கினு இருந்தாரே?"

"நான்தான் அடக்கி வெச்சேங்க."

ஆதிநாராயணன் மேடையைப் பார்த்தார். "எங்கூட்ல நான் வாயத் தொறந்தா டிவி சவுண்ட ஏத்துறாங்கம்மா. பேசி இன்னா ஆவப் போவுதுன்னு வுட்டுட்டேன்," என்றார். பிறகு, "ஐப்பசில நாள் பாருங்க. பந்தியில என்னிய அவுரு பக்கத்துல ஒக்கார வைங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஐப்பசி வரைக்கும் அவர் காத்திருக்கவும் இல்லை. புரட்டாசி என்பதால் போட்ட வெஜிடபிள் பிரியாணியை எடுத்துக்கொண்டு நேராக அரசப்பனுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். எப்போதோ ஆந்திரா பார்டரில் மழையில் மாட்டிக்கொண்ட நெல் லோடு ஒன்றின் கதையை ஆரம்பித்தார். அரசப்பன் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார். சுமலதா தலையாட்டினாள். அதற்குப் பிறகு அந்த மேஜையில் எழுந்த சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பரத், தன் அப்பாவை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போல, தட்டோடு நின்றுகொண்டிருந்தான். மிக்யோங் மேடம் வந்து சுமலதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொரியா பாஷையில் என்னவோ சொன்னார். பூமிகா மொழிபெயர்க்க வரவில்லை, அவள் பரத்தோடு இருந்தாள். சுமலதாவுக்கு மொழிபெயர்ப்பு தேவையும் படவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் அவளுக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் சம்பந்தி கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்வதையும், தன் புருஷன் கண்ணை விரித்துக் கேட்பதையும் பார்க்கப் பார்க்க, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அவளிடமும் சொல்ல எத்தனையோ இருந்தது. நடுவில் கத்துவாரே என்று எதையுமே அவரிடம் சொல்லாமல் விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

பூமிகா தன் ஸ்கூட்டியில் முன்னால் போய்விட்டாள். இவர்கள் இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்கள் பொழுது சாயும் வெளிச்சத்தில் தெரிந்தன. கொஞ்ச தூரம் போன பிறகு சுமலதா அவர் தோளைத் தட்டினாள்.

"நான் சின்னப் பொண்ணா இருக்கச்சே எங்கூட்ல ஒரு கூத்து நடந்துச்சு. ஒங்கிட்ட சொன்னதே இல்ல. சொல்லட்டா?"

எதிரே வருகிற லாரி இரைச்சலில் சரியாகக் கேட்காது என்று அரசப்பன் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தார்.